அவையச்சம் அகற்ற முயன்றவர்: அலெக்ஸ் ஒஸ்போர்ன்

சபையொன்றிலே சொல்ல நினைத்ததைச் சொல்லாமலே எழுந்து வந்த அனுபவம் நம்மில் யாருக்குத்தான் இல்லை? உள்ளத்திலே ஓர் எண்ணம் முளைக்கின்றது. அது நல்லதோ அல்லதோ என்பது நமக்கே தெரியாது. அதனை வாய் திறந்து சொல்ல முற்படுகையில், எதிரே இருப்பவர் ஒருவர் புருவத்தை நெரிக்கின்றார். இன்னொருவர் இதழோரத்திலே சிறுநகை காட்டுகின்றார். முளை அந்த அளவிலே கருகிவிடுகின்றது. பின்னொரு நாள் அதே எண்ணத்தை வேறொருவர் செய்துகாட்டிப் புகழ் பெறும்போது நாம் பெருமூச்செறிகின்றோம்.

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலிலே அவையஞ்சாமை என ஓர் அதிகாரம் வகுத்தார். அஞ்சாமையைப் பேசுவோனிடத்து இருக்கவேண்டிய பண்பாக அவர் வைத்தார். அந்த அச்சத்தை நீக்கும் பொறுப்பில் அவைக்கும் பங்குண்டு என்று கருதி, அவையின் ஒழுங்கையே மாற்றியமைக்க முயன்றவர் ஒருவர் இருபதாம் நூற்றாண்டிலே அமெரிக்க நாட்டில் வாழ்ந்தார். அவர் புலவருமல்லர், தத்துவ ஞானியுமல்லர். பிறருடைய பண்டங்களை விற்பதற்கு விளம்பரம் எழுதி வாழ்ந்த வர்த்தகர். அலெக்ஸ் பைக்னி ஒஸ்போர்ன் என்பது அவர் பெயர். இன்று தமிழிலே சிந்தனைக் கிளறல் என்றும் மூளைப்புயல் என்றும் வழங்கும் பிரெயின்ஸ்ரோமிங் முறையை உலகுக்கு அளித்தவர் அவரே. அவருடைய வாழ்வு வெறும் வெற்றிக் கதையன்று. ஒருவர் தந்த கொடையில் எப்பாதியை உலகம் விரும்பி ஏற்றது, எப்பாதியை மறந்தது என்பதையும் அது காட்டுகின்றது.

நிருபரும் விற்பனையாளரும்

ஒஸ்போர்ன் 1888ஆம் ஆண்டு மே மாதம் 24ஆந் திகதி நியூயோர்க் நகரத்துப் புரொங்க்ஸ் பகுதியிலே பிறந்தார். நியூயோர்க் மாநிலத்துக் கிளின்ரன் என்னும் சிற்றூரிலுள்ள ஹமில்ரன் கல்லூரியிலே பயின்று 1909இல் பட்டம் பெற்றார். கல்லூரியை விட்டு வெளியேறிய இளைஞர், அம்மாநிலத்தின் மேற்கெல்லையில், ஈரி ஏரிக் கரையில் அமைந்த பபலோ நகரைத் தம் வாழ்விடமாகக் கொண்டார். அன்று முதல் இறுதிவரை அந்நகரே அவருக்குத் தாய்வீடு போலாயிற்று.

பபலோவிலே அவர் முதலிற் செய்தது பத்திரிகை நிருபர் வேலை. பின்னர் நகரத்து வர்த்தக சங்கத்திலே பணி செய்தார். கட்டில் உற்பத்தி செய்த கம்பனியொன்றின் விற்பனைப் பகுதியிலும் இருந்தார். இவை ஒன்றோடொன்று ஒட்டாத தொழில்கள் போலத் தோன்றலாம். ஆயினும், பிற்காலத்து ஒஸ்போர்னை உருவாக்கியவை இவையே எனலாம். நிருபராகத் திரிந்த காலம், சுருங்கச் சொல்லி விளங்கவைக்கும் வன்மையை அளித்தது. வர்த்தக சங்கத்துப் பணி, பலரை ஒரு மேசையைச் சுற்றி அமர்த்திப் பேசவைக்கும் பழக்கத்தை அளித்தது. விற்பனைத் தொழிலோ, எத்துணை அழகிய எண்ணமாயினும் பயன் தராவிடின் வீண் என்னும் கசப்பான உண்மையைக் கற்பித்தது.

1915ஆம் ஆண்டளவில் அவர் விளம்பரத் தொழிலிலே கால்வைத்தார். முதலாவது உலக மகாயுத்தத்தின் இறுதியாண்டாகிய 1918இலே, போர் வீரர்களின் நலன் பேணுதற்காக ஏழு பொதுநலச் சங்கங்கள் ஒன்றுகூடி 17 கோடி டொலருக்கு மேல் நிதி திரட்டும் பேரியக்கம் ஒன்றை நடத்தின. அவ்வியக்கத்தின் பிரசாரப் பணியிலே ஒஸ்போர்ன், புரூஸ் பார்ட்டன், றோய் டேர்ஸ்ரைன் என்னும் இருவரோடு நட்புக் கொண்டார். அந்நட்பின் விளைவாக 1919இல் மூவர் பெயரையும் தாங்கிய விளம்பர நிறுவனமொன்று நியூயோர்க் நகரிலே எழுந்தது. 1928இல் அது, 1891 முதல் நடந்துவந்த ஜோர்ஜ் பற்றன் கம்பனியோடு இணைந்தது. நான்கு பெயர்களின் முதலெழுத்துக்களால் பி. பி. டி. ஓ. என அழைக்கப்பெற்ற அந்நிறுவனம் அமெரிக்காவின் பெரிய விளம்பர நிறுவனங்களுள் ஒன்றாயிற்று. பங்காளிகள் தலைநகர் போன்ற நியூயோர்க்கில் இருந்து தொழில் நடத்த, ஒஸ்போர்ன் பபலோவிலிருந்த கிளையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே வாழ்ந்தார். 1921இல் விளம்பரக் கலையைப் பற்றி அவர் எழுதிய சிறு பாடநூலும் வெளிவந்தது.

நெருக்கடியிற் பிறந்த முறை

பொருளாதார மந்தத்தின் நிழல் முற்றாக அகலாத 1938ஆம் ஆண்டிலே பி. பி. டி. ஓ. பெரும் நெருக்கடிக்கு ஆளாயிற்று. நம்பியிருந்த வாடிக்கைக் கம்பனிகள் பல விலகின. திறமை மிக்க ஊழியர் சிலரும் வெளியேறினர். விளம்பர நிறுவனத்துக்கு இயந்திரங்களோ தோட்டங்களோ முதலாக இருப்பதில்லை. அதன் முதல் ஊழியர் தலைக்குள்ளே இருக்கும் எண்ணங்கள்தாம். எண்ணம் வற்றினால் நிறுவனமும் வற்றும்.

அவ்வேளையிலே ஒஸ்போர்ன் பபலோவுக்கும் நியூயோர்க்குக்கும் இடையே ஓயாது பயணஞ் செய்து நிறுவனத்தைத் தாங்கினார். குட்றிச் ரயர்க் கம்பனியின் விளம்பரப் பொறுப்பைப் பெற்றுத் தந்து அதனை மீட்டெடுத்தார். 1939இல் டேர்ஸ்ரைன் பதவியை விட்டு விலகவே, ஒஸ்போர்ன் நிர்வாக உபதலைவரானார். பின்னாளில் நிறுவனத்தின் தலைவராக விளங்கிய பென் டவி போன்ற ஆற்றலாளரைச் சேர்த்துக்கொள்வதிலும் அவருடைய கை இருந்தது.

விளம்பரத்துக்கான புதிய எண்ணங்களைத் தனித்தனியே கொண்டுவர ஊழியர்கள் இடர்ப்படுவதை ஒஸ்போர்ன் கண்டார். வழக்கமான ஆலோசனைக் கூட்டங்களாலும் பயன் விளையவில்லை. ஒருவர் ஒன்றைச் சொல்லுமுன்னரே மற்றவர் அதிலுள்ள குறையைக் காட்டுவார். அனுபவம் மிகுந்தவர் தலையை அசைத்தால் இளையவர் வாயை மூடிக்கொள்வார். ஒருமணி நேரம் பேசியும் பத்து யோசனைகள் தேறமாட்டா. அறிவாளிகள் பலர் கூடியிருந்தும் அறிவு பெருகாத இவ்விந்தையை அவர் ஆராய்ந்தார். மனிதனுடைய மனத்திலே இரு தொழில்கள் நடக்கின்றன என்று அவர் கருதினார். ஒன்று படைக்குந் தொழில். மற்றது சீர்தூக்கித் தீர்ப்புக் கூறுந் தொழில். இரண்டும் இன்றியமையாதவை. ஆனால், இரண்டையும் ஒரே வேளையிலே செய்யப் புகுந்தால் இரண்டும் கெடும். ஒரே குழாயிலே சுடுநீரையும் தண்ணீரையும் ஒருசேரத் திறந்தால் வெதுவெதுத்த நீரே கிடைக்கும் என்னும் உவமையால் அவர் இதனை விளக்குவார்.

ஆகவே 1939ஆம் ஆண்டளவில் அவர் தம் நிறுவனத்திலே புதுவகைக் கூட்டங்களைக் கூட்டத் தொடங்கினார். அவற்றிற் பங்குபற்றிய ஊழியர்களே அவற்றுக்குப் பிரெயின்ஸ்ரோம் என்று பெயரிட்டனர். முன்னர் அச்சொல் ஆங்கிலத்திலே திடீரெனத் தோன்றும் மனக்குழப்பத்தைக் குறித்து வழங்கியது. ஒஸ்போர்னோ, படைவீரர் கோட்டையொன்றைத் தாக்குவது போல மூளைகள் யாவும் ஒரு பிரச்சினையைத் தாக்குதல் என அதற்குப் புதுப்பொருள் கொண்டார். இது முற்றிலும் தமக்கே உரிய புதுமையென அவர் உரிமை கொண்டாடவில்லை. இந்தியாவிலே சமய ஆசிரியர்கள் தங்கள் குழுவினரோடு இதனையொத்த ஒரு முறையை 400 ஆண்டுகளுக்கு மேலாகக் கையாண்டு வந்துள்ளனர் என்று தம் நூலிலே அவரே குறித்துவைத்தார்.

நான்கு விதிகள்

அவர் வகுத்த விதிகள் நான்கே. முதலாவது, கூட்டம் நடக்கும்போது எந்த எண்ணத்தையும் எவரும் குறைகூறலாகாது. தீர்ப்புப் பின்னரே வரவேண்டும். இரண்டாவது, எண்ணம் எவ்வளவு விபரீதமாயினும் வரவேற்கப்படும்; ஏனெனில் அடங்காத எண்ணத்தை அடக்குவது எளிது, செத்த எண்ணத்தை எழுப்புவது அரிது. மூன்றாவது, எண்ணிக்கை பெருகவேண்டும். கூடை நிறையப் பறித்தவனுக்கே பொறுக்கியெடுக்கக் கனியுண்டு. நான்காவது, பிறர் சொன்னதோடு இன்னொன்றைக் கூட்டியோ இரண்டை இணைத்தோ மேம்படுத்தவேண்டும்.

விதிகளைப் போலவே நடைமுறையையும் அவர் நுணுக்கமாக வகுத்தார். கூட்டத்துக்குப் பன்னிருவர் அளவிற் போதும். ஆராயும் பிரச்சினை ஒன்றாகவும் குறுகியதாகவும் இருத்தல் வேண்டும். ஒரு பண்டத்துக்குப் பெயரிடுவதும் அதற்குப் பொதி அமைப்பதும் இரு வேறு பிரச்சினைகள். அவற்றை ஒரே கூட்டத்திலே கலக்கலாகாது. பிரச்சினையைப் பற்றிய குறிப்பை முன்னதாகவே அனைவருக்கும் அனுப்பிவிடவேண்டும். மேலதிகாரியின் முகம் பார்த்துப் பேசும் நிலை ஏற்படாதவாறு, இயன்றவரை ஒத்த தரத்தினரையே கூட்டவேண்டும். தலைவர் மேசையிலே ஒரு மணி இருக்கும். எவரேனும் பிறர் கருத்தைக் குறைகூறினால் மணியொலித்து அவரைத் தடுப்பார். ஒருவர் யோசனையைத் தொடர்ந்து எழுந்த யோசனை உடையவர் கைகாட்டினால், அவருக்கே முதலிடம். எழுதுநர் ஒருவர் யாவற்றையும் இலக்கமிட்டு எழுதுவார். சொன்னவர் பெயரை எழுதமாட்டார். கூட்டம் முடிந்த பின்னர் தோன்றிய எண்ணங்களையும் மறுநாள் கேட்டுச் சேர்த்துக்கொள்வர். அதன் பின்னரே, வேறொரு வேளையிலே, தேர்வு நடைபெறும்.

இக்கூட்டங்களின் விளைவைக் கண்டோர் வியந்தனர். புதிய மருந்துக் கடையொன்றைப் பற்றி விளம்பரத் துறையினர் பத்துப்பேர் கூடி 90 நிமிடத்திலே 87 யோசனைகளைத் தந்தனர் என ஒஸ்போர்ன் எழுதினார். அத்தனையும் பயன்படத் தக்கவை அல்ல என்பதை அவர் அறிவார். எண்பதை எறிந்தாலும் ஏழு எஞ்சும் என்பதே அவர் நம்பிக்கை.

தனியே இருந்து சிந்திப்போருக்கும் அவர் ஒரு கருவி செய்து கொடுத்தார். அது கேள்விகளின் நிரல். கையிலுள்ள பொருளை வேறெதற்குப் பயன்படுத்தலாம்? வேறொன்றைப் பார்த்து அதனை எவ்வாறு அமைக்கலாம்? உருமாற்றலாமா? பெருக்கலாமா? சுருக்கலாமா? அதன் இடத்தில் வேறொன்றை வைக்கலாமா? உறுப்புக்களை முன்பின்னாக அடுக்கலாமா? தலைகீழாக்கலாமா? மற்றொன்றோடு இணைக்கலாமா? ஒரு தீப்பெட்டியை எடுத்து இவ்வொன்பது கேள்விகளையும் கேட்டுப் பார்த்தால், சிறு மாணவனும் பத்து நிமிடத்திலே இருபது யோசனை சொல்வான். 1971இல் அமெரிக்கக் கல்வியாளர் பொப் எபர்லி இக்கேள்விகளைச் சீர்செய்து, ஸ்காம்பர் என்னும் பெயரிற் சிறுவர்களுக்கான பயிற்சியாக்கினார். அது பல நாட்டு வகுப்பறைகளுக்கும் பரவியுள்ளது.

வர்த்தகர் ஆசிரியரான கதை

விளம்பரத்தாற் பொருளீட்டிய ஒருவர், பொருள் போதுமென்று கண்டபின் எதை நாடுவார்? ஒஸ்போர்ன் கல்வியை நாடினார். 1942இல் எண்ணங்களைத் தேடும் வழி பற்றிச் சிறு நூலொன்றை வெளியிட்டார். 1948இல் யுவர் கிரியேற்றிவ் பவர் என்னும் நூல் வெளிவந்து பெரும்புகழ் ஈட்டிற்று. 1953இல் வெளிவந்த அப்ளைட் இமாஜினேசன் என்னும் நூல் பல்கலைக்கழகங்களிலே பாடநூலாயிற்று. பாடசாலைகள் மாணவருக்குத் தீர்ப்புக்கூறும் ஆற்றலையே வளர்க்கின்றன. கற்பனை ஆற்றலுக்குப் பயிற்சி அளிப்பதில்லை என்பது அவருடைய குறை. கற்பனை சிலருக்கே வாய்த்த தெய்வ வரமன்று. பயிற்சியால் எவரும் வளர்க்கக்கூடிய பொதுச்சொத்து என்பது அவருடைய கொள்கை.

1949இல் பபலோ பல்கலைக்கழகத்திலே ஆக்கச் சிந்தனை பற்றிய பாடநெறி தொடங்கியது. 1954இல் ஒஸ்போர்ன் ஆக்கக் கல்விக்கென ஓர் அறநிலையத்தை நிறுவினார். தம் நூல்களால் வந்த ஊதியத்தை அதற்கே அளித்தார். 1955இல் ஆசிரியரும் வர்த்தகரும் ஒருங்கே கூடிக் கற்கும் வருடாந்தப் பயிற்சி வகுப்பு பபலோவில் ஆரம்பமாயிற்று. அதிலே தோன்றிய தொடர்பால் சிட்னி பார்ண்ஸ் என்னும் கல்வியாளர் அவருக்குத் துணையானார். 1960இல் விளம்பரத் தொழிலிலிருந்து முற்றாக ஓய்வு பெற்ற பின்னரும் இப்பணியிலிருந்து அவர் ஓயவில்லை.

சோதனைக் களம்

ஐம்பதுகளின் நடுப்பகுதியிலே பிரெயின்ஸ்ரோமிங் அமெரிக்காவெங்கும் ஒரு மோகமாகப் பரவியது. கம்பனிகளும் அரசாங்க இலாகாக்களும் படையினரும் அதனைக் கையாண்டனர். மோகம் பரவினால் ஐயமும் தோன்றுதல் இயல்பே. யேல் பல்கலைக்கழகத்து உளவியலாளர் டொனல்ட் ரெய்லரும் அவருடைய உடனாய்வாளர் இருவரும் இம்முறையைச் சோதித்து, 1958இல் தம் முடிவை வெளியிட்டனர்.

சோதனை எளிமையானது. 96 மாணவர்களில் 48 பேரை நால்வர் கொண்ட 12 குழுக்களாகப் பிரித்தனர். எஞ்சிய 48 பேரும் தனித்தனியே இருந்து சிந்தித்தனர். இரு சாராருக்கும் ஒஸ்போர்னின் விதிகளே கூறப்பட்டன. மாணவர் தொகை பெருகிவருங் காலத்திலே கல்வியின் தரத்தை எவ்வாறு காப்பது என்பது கொடுக்கப்பட்ட மூன்று வினாக்களுள் ஒன்று. பின்னர், தனியே இருந்தவர்களின் விடைகளை நால்வர் நால்வராகக் கூட்டி, ஒருவர் சொன்னதையே மற்றவர் சொன்னவிடத்து ஒருமுறை மட்டும் எண்ணினர். விளைவு யாது? தனியே சிந்தித்த நால்வரின் கூட்டுத்தொகை, சேர்ந்து சிந்தித்த நால்வரின் தொகையைப் போல ஏறக்குறைய இருமடங்காக இருந்தது. புதுமையிலும் தனியே சிந்தித்தோர் பின்தங்கவில்லை.

ஒஸ்போர்னின் புகழுக்கு இது பேரடி. கூட்டமே வீண் என்று சிலர் எள்ளி நகையாடினர். பிற்காலத்து ஆய்வுகளும் இம்முடிவையே பெரிதும் உறுதிசெய்தன. 1987இல் மைக்கேல் டீல், வூல்ப்காங் ஸ்ரோபே என்னும் ஜேர்மனிய உளவியலாளர் அதன் காரணத்தையும் காட்டினர். குழுவிலே ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க நேர்கின்றது. அவ்வாறு காத்திருக்கும் வேளையிலே, சொல்ல வைத்திருந்த எண்ணம் மறைந்துபோகின்றது. புதிய எண்ணம் பிறப்பதற்கும் இடமில்லாது போகின்றது. இக்குறைக்கு 1968இலேயே ஜேர்மனியில் ஒரு பரிகாரம் காணப்பட்டிருந்தது. வர்த்தக ஆலோசகர் பேண்ட் ரோர்பாக் வகுத்த அம்முறையிலே அறுவர் வாய்பேசாது அமர்ந்து, ஐந்து நிமிடத்தில் மும்மூன்று யோசனை எழுதி, தாளை அடுத்தவரிடம் கொடுப்பர். ஆறு சுற்று முடிய 108 யோசனைகள் சேரும்.

அப்படியாயின் ஒஸ்போர்ன் தோற்றவரா? இங்கேதான் நாம் நின்று சிந்திக்கவேண்டும். யேல் சோதனையிலே தனியே இருந்தவர்களும் தீர்ப்பைத் தள்ளிவைத்தே சிந்தித்தனர். அச்சோதனை அளந்தது கூடியிருத்தலின் பயனையே. தீர்ப்பைத் தள்ளிவைத்தலின் பயனையன்று. பின்னதை அளக்க முயன்றவர்கள் பார்ண்சும் ஆர்னல்ட் மெடோவும் ஆவர். அவர்கள் ஒஸ்போர்னின் வட்டத்தினர் என்பதை நாம் மறத்தலாகாது. 1959இல் வெளிவந்த அவர்களின் ஆய்விலே, குறைகாணாது எண்ணங்களைக் கொட்டுமாறு பணிக்கப்பட்டவர்கள், நல்லதை மட்டும் சொல்லுமாறு பணிக்கப்பட்டவர்களிலும் மிகுதியான நல்லெண்ணங்களைத் தந்தனர். ஒஸ்போர்னும் தம் நூலிலே, குழுச் சிந்தனை தனிச் சிந்தனைக்குத் துணையேயன்றி அதற்கு மாற்றன்று என்று வற்புறுத்தினார். முதலில் தனியே, பின்னர் குழுவாக, மீண்டும் தனியே சிந்திப்பதே சிறந்த வழியென அவர் காட்டினார்.

உலகமோ மேசையையும் நாற்காலிகளையும் எடுத்துக்கொண்டது, மணியை மறந்துவிட்டது. பெரிய கம்பனிகளின் விற்பனைப் பகுதியினர் இன்றும் கூடுகின்றனர். சுவரிலே தாள்களை ஒட்டுகின்றனர். ஆனால், முதலாவது யோசனை வந்ததும் மேலாளர் முகத்தைச் சுளிக்கின்றார். கூட்டம் கூடுதல் எளிது. நாவைக் கட்டுதல், அதிலும் பெரியவர் தம் நாவைக் கட்டுதல், மிக அரிது. எளிய பாதியை ஏற்று அரிய பாதியைக் கைவிட்டுப் பின்னர் முறையே பிழையென்று சொல்லுதல், விதைக்காமலே விளையவில்லை என்பதற்கு ஒப்பாகும்.

ஒஸ்போர்ன் 1966ஆம் ஆண்டு மே மாதத்திலே, 78ஆவது வயது நிறைவதற்குச் சில நாட்கள் இருக்கையில், பபலோவிற் காலமானார். அடுத்த ஆண்டிலே பார்ண்ஸ் அப்பணியைப் பபலோ அரசினர் கல்லூரிக்குக் கொண்டுசென்றார். ஆக்கத்திறனை ஓர் ஆய்வுத் துறையாகவே கற்பிக்கும் நிலையம் அங்கே வளர்ந்தது.

ஆசிரியர்களும் மாணவர்களும் இவ்வாழ்விலிருந்து கொள்ளத்தக்கது யாது? வகுப்பறையும் ஓர் அவையே. அங்கே பின்வரிசையிலே இருக்கும் மாணவன் ஒருவன் கைதூக்கலாமா விடலாமா என்று தயங்குகின்றான். அவன் சொல்லப்போவது பிழையாகவும் இருக்கலாம். எவரும் காணாத ஒன்றாகவும் இருக்கலாம். எது என்பதை அவன் சொல்லி முடிக்கும்வரை நாம் அறியோம். முதலில் அவனைத் தனியே எழுதவிட்டு, பின்னர் எல்லோர் முன்னும் சொல்லவிட்டு, தீர்ப்பை நாளைக்கென வைப்போமாயின் நாம் இழப்பது ஒருநாட் பொழுதே. அஞ்சாமையை அவனிடம் எதிர்பார்ப்பதற்கு முன்னர், அஞ்சவேண்டாத அவையை அவனுக்கு அமைத்துக் கொடுத்தல் நம் கடன். விளம்பரம் எழுதிய அம்மனிதர் விட்டுச்சென்ற செல்வங்களுள் இவ்வொன்றே காலத்தின் சோதனையைக் கடந்து நிற்கின்றது.